ஆற்றில் விட்ட முடி

கம்பேங்பெட், தாய்லாந்து
பன்னிரண்டாம் மாதம், பௌர்ணமி கழிந்த நான்காம் நாள்

அன்பு மகள் பிம்முக்கு அம்மா எழுதுவது. நீ எங்கிருந்தாலும் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று புத்தரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் சுகமாக இல்லை, மறைத்து எழுத எனக்குத் தெம்பில்லை. கொரியாவில் வேறு பண்ணைக்கு மாறப்போவதாகச் சொன்னாயே, அதோடு சரி, உன் குரல் கேட்டு நாலு மாதம் ஆகிறது. உன் எண்ணுக்குக் கூப்பிட்டால் யாரோ ஒருத்தி அவர்கள் பாஷையில் ஏதோ சொல்கிறாள், தினமும் அதைத்தான் கேட்கிறேன்.

பௌர்ணமியன்று வழக்கம்போல வாழைத்தண்டை வில்லையாக வெட்டி, சுற்றிலும் இலையை மடித்துக் குத்தி திருவிழாவில் ஆற்றில் விட மூன்று கிரதோங் விளக்குத் தெப்பம் செய்தேன். எல்லாரும் அவரவர் முடியும் நகமும் சில்லறையும் வைத்து பீடையை ஆற்றோடு அனுப்புகிறோம், உன் பீடையை யார் அனுப்புவது என்று நினைத்து, உன் சீப்பில் சுற்றியிருந்த முடியை எடுத்து மூன்றாவதில் சாமந்திப் பூவுக்கு அடியில் வைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் பிங் ஆற்றுப் படித்துறையில் ஆற்றுத் தெய்வமான கங்கைத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு மூன்றையும் விட்ட பிறகுதான், பிம்மின் முடியும் போகிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். "உசுரோட இருக்கிறவ முடிய ஆத்துல விட்டியாடி, செத்தவங்க சாம்பலையில்ல இப்படி விடுவாங்க" என்று கத்தினார். அடுத்த நிமிஷம் சட்டையோடு இறங்கிவிட்டார்.

வெள்ளம் இன்னும் முழுசாக வடியவில்லை. ஆறு முழுக்க விளக்கு, எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பூவை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார். கரையில் சிரித்தார்கள். "என்ன பெரியவரே, அடுத்தவங்க கிரதோங்குல சில்லறை தேடுறீங்களா" என்று ஒருவன் கேட்டான். மகள் முடியைத் தேடுகிறார் என்று நான் எப்படிச் சொல்வேன். பாலத்துத் தூண் பக்கம் போனவரைக் காணவில்லை. நான் போட்ட கூச்சலில் மணல் படகுக்காரர் தியாப் குதித்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தார். உன் கிரதோங் கிடைக்கவே இல்லை.

அப்பா இப்போது ஆஸ்பத்திரியில், நுரையீரலில் சளி கட்டிவிட்டதாம், மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள். நர்ஸிடம் மட்டும் "போன் வந்துச்சா" என்று கேட்கிறார், என்னிடம் பேசுவதில்லை. கடைசியாகப் பேசியபோது "அம்மா, ஊருக்கே வந்துடட்டுமா" என்று நீ கேட்டதையும், "இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு" என்று நான் சொன்னதையும் இத்தனை நாள் அவரிடம் மறைத்துவைத்திருந்தேன். இன்று காலையில் சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிம், நான் சொன்னது தப்பு. வந்துவிடு. வெறுங்கையோடு வா, யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு உன் குரல் கேட்டால் போதும்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொள். காய்ச்சல் என்றால் விசா இல்லையே என்று பயந்து ஒளிந்திருக்காதே, யாரிடமாவது சொல். உனக்கு ஒரு குறையும் வராமல் நூறு வயது இரு என் தங்கமே. பழைய பண்ணை விலாசம்தான் என்னிடம் இருக்கிறது, அதற்கே அனுப்புகிறேன். உன்னோடு தங்கியிருந்த நம் நாட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் பிரித்தால், பிள்ளைகளே, எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்தச் செய்தியானாலும் எழுதுங்கள்.

உன் அம்மா,
சங்வான்