ஜன்னலுக்கு வெளியே ஒரு அடாப்டர்

அக்கா,

இன்று காலை லேப்டாப் பையைத் திறந்தேன். சார்ஜருக்கு அடியில் அந்த வைஃபை அடாப்டர் கிடந்தது. குட்டிக் கொம்பு மாதிரி ஒரு ஆன்டெனா, நீள வயர், கழுத்தில் உன் பச்சை நைட்டியைக் கிழித்துக் கட்டிய துணி. அவிழ்க்கலாமென்று முடிச்சில் கை வைத்தேன். நீ தடவுகிற தைலத்தின் வாசனை இன்னும் போகவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

லேப்டாப்பை மச்சான்தான் கொண்டுவந்து கொடுத்தார். "வீட்டுல சும்மா கெடக்கு, நீயாவது வச்சுப் பாரு" என்றார். அதிலேயே இருக்கிற வைஃபை நீ இருக்கும்போதே செத்துப்போனதுதானே. அடாப்டர் இல்லாவிட்டால் அதில் சீட்டு விளையாட மட்டும்தான் முடியும்.

சென்னையில் உன் மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். நீ தேவிபட்டினத்தில் கட்டிலோடு கிடந்தாய். மருந்து ஏற்றி ஏற்றி உடம்பு நைந்திருந்தது. பயணமும் கூடாது, கூட்டமும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மச்சானை நீயே விரட்டி அனுப்பினாய். "அம்மாதான் நிக்க முடியல, அப்பனாவது போயி நிக்கட்டும்." உன்னோடு இருக்கக் கடலாடியிலிருந்து நான் வந்தேன். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வளையல் போடுறத நான் பாக்கணும்டி. பெறகு போட்டோவுல இல்ல. போடுறப்பவே பாக்கணும்." அதற்கு மேல் நீ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

உன் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டாது. வைஃபை இருந்தது மேற்கே உன் கொழுந்தனார் வீட்டில். நடுவே அந்தக் காலத்துத் தடித்த சுவர். மருமகன் ஆர்டர் போட்டு அனுப்பிய அடாப்டரைச் செருகினால் லேப்டாப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் டிரைவர் என்று ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டுமாம். அது ஒரு சின்ன சிடியில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. இல்லாவிட்டால் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவும் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். நெட் வருவதற்கு நெட் வேண்டும் என்று எழுதியவன் என் கையில் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நான் எரிந்து விழ விழ நீ படுத்தபடியே சிரித்தாய். கடைசியில் என் போனை வயர் போட்டு லேப்டாப்போடு இணைத்து, அந்த ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் சொட்டுச் சொட்டாக இறக்கினோம். அடாப்டரில் நீல விளக்கு மினுங்கியதும் நீ சாமியைப் பார்த்த மாதிரி கும்பிட்டாய்.

வளைகாப்பு அன்று கொழுந்தனார் வீட்டு வைஃபை கிடைத்தது. படம்தான் நிற்கவில்லை. உன் மகள் பாதி முகத்தோடு உறைந்து போய் நின்றாள். வயரை இழுத்து அடாப்டரை ஜன்னலுக்கு வெளியே விட்டு, நானும் ஓடிப்போய் ஆன்டெனாவைத் திருப்பினேன்.

"ஏ புள்ள, அங்கன எங்க திருப்புற? கொழுந்தனாரு வீடு மேக்கால இருக்கு. நீ என்ன சிலோன் டிவியா பிடிக்கிற?"

உண்மைதான். யோசிக்காமலே கடல் பக்கம் திருப்பியிருந்தேன்.

உத்தரகோசமங்கைப் பக்கம் நம் அய்யா வீட்டு மொட்டை மாடியில் மூங்கிலில் கட்டிய ஆன்டெனா இருந்ததே, அதுதான் கைக்குப் பழக்கம். சிலோன் டிவியில் படம் போடுகிற அன்று நீ மேலே ஏறிக் கிழக்கே திருப்புவாய். நீ பிடித்தால் படம், விட்டால் வெறும் புள்ளி. அதனால் காயப்போட்ட மிளகாய் வற்றலுக்கு நடுவே படம் முடியும்வரை நீ பிடித்துக்கொண்டே நிற்பாய். கீழே டிவிக்கு முன்னால் நான்.

"இப்ப என்னடி நடக்குது?"

"கெணத்துல குதிக்கப் போறா."

"குதிச்சுட்டாளா?"

"இல்லக்கா, அவன் வந்து பிடிச்சுட்டான்."

எத்தனை படங்களை நீ என் வாயால் பார்த்தாய். நான் கதையில் சொக்கிப்போய்ப் பதில் சொல்ல மறந்தால் மேலிருந்து தரையைத் தொம் தொம்மென்று மிதிப்பாய்.

வளைகாப்பு அன்று மேற்கே திருப்பியதும் படம் வந்தது. துணியால் ஜன்னல் கம்பியில் கட்டினேன், போய்விட்டது. கையில் பிடித்தேன், வந்தது. பழைய கதைதான், ஆள் மட்டும் மாறியிருந்தோம். வெயிலில் ஜன்னலடியில் நின்றேன். எனக்கு எதிரே தெரிந்தது வேலிக்கருவையும் அதைக் கடிக்கிற ஆடும்தான்.

"இப்ப என்னக்கா நடக்குது?"

"சந்தனம் பூசுறாக. சம்பந்தியம்மாதான் மொத வளையல் போடுது."

"அழுகுறாளா?"

"அவ எங்க அழுகுறா. என்னயத்தான் தேடுறா." கொஞ்சம் பொறுத்து, "பாத்துட்டாடி. கையத் தூக்கிக் காட்டுறா" என்றாய்.

கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் மகளையும் நான் பார்க்கவில்லை, உன் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனாலும் அன்று எனக்கிருந்த சந்தோஷம் வேறு எந்த விசேஷத்திலும் இருந்ததில்லை. மாடியில் நின்ற உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பேத்தி பிறக்கும் முன்பே நீ போய்விட்டாய். அதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று உன் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். என் வீட்டில் வைஃபை பெட்டி இதே அறையில்தான் இருக்கிறது. அடாப்டரைச் செருகியதும் படம் பளிச்சென்று வந்து நின்றது. "சித்தி, தெரியுதா?" என்றாள். "நல்லாத் தெரியுதுத்தா" என்றேன். யாரும் எதையும் பிடிக்கத் தேவையில்லை. அப்படியும் அவள் பேசி முடிக்கும்வரை அடாப்டரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். நீ எங்கோ வெளியே நின்று கேட்கிற மாதிரியே இருந்தது. அதனால் சொல்கிறேன்.

உன் பேத்தி கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கிறாள், அக்கா. உனக்கு இருக்கிற அதே அகல நெற்றி. நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு கையை விட்டுவிட்டாள். இப்போது இன்னொரு கையையும்.

விழவில்லை.