விளாம்பழம் பூசிய ரோஸ்ட்

3 டிசம்பர் 2006, ஞாயிறு

அத்தைக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். "அம்மா கையால பன்னி ரோஸ்ட் இல்லாம கிறிஸ்துமஸா?" என்று பென்னி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் செய்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். பிறந்த வீட்டில் பன்றிக்கறியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எனக்கு ஏன் இந்த வேலை?

அத்தை தன் மகனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அதுவே செய்யட்டும், பாக்கலாம்."

கல்யாணமாகி ஒன்றரை வருடம். இன்னும் நான் 'அது'. நேரில் கூப்பிட்டால் 'இந்தா'. வெண்ணிலா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது என் மாமியார் மெட்டில்டா அம்மாளுக்கு மட்டும் ஞாபகம் வருவதில்லை.

6 டிசம்பர்

பென்னி மறைமலை நகர் ஷிப்ட் முடிந்து வரும்போது, காட்டாங்குளத்தூரில் என் அம்மா ஒரு பை விளாம்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அத்தை அன்னாசிச் சாறும் வெல்லமும் காய்ச்சிக் கறிமேல் பூசுவாராம். நாங்கள் பிள்ளையாருக்கு விளாம்பழத்தில் வெல்லம் போட்டுப் பிசைந்து வைப்போமே, அந்தப் புளிப்பும் இனிப்பும் கறிக்குப் பொருந்தாதா? அன்னாசி செய்வதை இது செய்யாதா என்ன!

9 டிசம்பர்

நாளை ஒத்திகை. கேம்ப் ரோட்டுக் கடையிலிருந்து கறி வந்தது. கழுவும்போது குமட்டியது, பொய் சொல்வானேன். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது.

10 டிசம்பர், ஞாயிறு

குக்கரில் வேகவைத்து, இரும்புச் சட்டியில் கொழுப்பு உருகச் சிவக்கப் புரட்டினேன். விளாம்பழக் கூழில் வெல்லமும் மிளகும் போட்டுக் காய்ச்சி மேலே பூசினேன். பளபளவென்று வந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். ஒரே உப்பு! நேற்றே அத்தை ஒற்றைக் கையால் வினிகரோடு உப்பும் தடவி வைத்திருந்தாராம். அது தெரியாமல் நானும் போட்டிருக்கிறேன்.

"வாய்ல வெச்சிப் பாக்க மாட்டியா? எங்க சாப்பாடுன்னா உனக்கு அவ்ளோ அருவருப்பாவா கீது?"

இந்த வீட்டில் நான் பயந்ததே இந்தக் கேள்விக்குத்தான். அருவருப்பில்ல அத்தை — சாமி கும்பிடறதுக்கு முன்னாடி எப்படி வாயில வைக்கிறது? எங்கம்மா படைக்கிற சாப்பாட்டை ருசி பார்த்ததே இல்ல. நீங்களும் ஜெபம் பண்ணிட்டுத்தானே சாப்பிடறீங்க? இதில் ஒரு வார்த்தைகூட அங்கே வாயில் வரவில்லை. சமையலறையில் நின்று அழுதேன்.

11 டிசம்பர்

ராத்திரி பென்னியிடம் மட்டும் காரணத்தைச் சொன்னேன், அவன் அதை அப்படியே அத்தையிடம் சொல்லிவிட்டான். மத்தியானம் சமையலறைக்குப் போனால், அத்தை இடது கையில் ஸ்பூனைப் பிடித்து மீந்த விளாம்பழக் கூழைக் கிண்ணத்தோடு வழித்துக்கொண்டிருக்கிறார்! பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட்டேன். கறி போனால் போகட்டும், கூழ் தேறிவிட்டது.

18 டிசம்பர்

"இந்தா, வெளாம்பழம் இன்னும் கீதா?" என்று கேட்டார். அம்மாவுக்கு உடனே போன் போட்டேன்.

25 டிசம்பர், திங்கள்

காலைப் பூசைக்குப் போய் வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். கறி சிவந்து வரும் நேரம் அத்தை பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ வாய்ல வெக்காதே. நான் பாக்கறேன், குடு."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். ஒரு துண்டை ஊதி ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"சரியா கீது. இனிமே உப்பு போடாதே."

மேசையில் ஜெபம் சொன்னோம். ஆமென் என்றதும் சட்டியை நோக்கி நீண்ட பென்னியின் கையைத் தட்டிவிட்டார். இடது கையில் கரண்டியைப் பிடித்து, தடுமாறித் தடுமாறி, முதல் துண்டைக் கூழ் வழிய என் தட்டில் வைத்தார்.

"ஜெபம் முடிஞ்சிது. இப்ப சாப்புடலாம்ல, வெண்ணிலா?"

பென்னி என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது, அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நன்றாகத்தான் இருந்தது. உப்புதான் ஒரு சிட்டிகை கம்மி. நான் சொல்வேனா!