பணியாரச் சட்டியில் இருந்த ஸ்குரூக்கள்

அடைக்கல மாதா துணை

ஏலாக்குறிச்சி,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் நான்சிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கிளமெண்டும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், கோயிலுக்குப் போய் வருகிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. எப்போதும் எழுதுகிற 'நலம்' என்ற சொல்லை மட்டும் எழுத முடியவில்லை, பேனா அங்கே வந்து நின்றுவிடுகிறது. உன் தம்பி ஜோசப் போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. தினம்தான் போனில் பேசுகிறோமே, அப்பாவுக்கு இது என்ன வேலை என்று நினைப்பாய். போன் வந்தால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிச் சொல்வது. நம் தெரு சத்யா லீவு முடிந்து அயர்லாந்து திரும்புகிறாள், பருப்புப் பொடி டப்பாவோடு இதையும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பொடியை நீ சாப்பிடு, மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று இனிமேல் ஒரு தடவைகூட அழாதே. டாக்டர் படுக்கையை விட்டே எழுந்திருக்கக் கூடாது என்று சொன்ன நேரம் அது, நீ கிளம்பி வந்து அந்தக் குழந்தைக்கும் ஏதாவது ஆகியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம். கீழப்பழுவூர் தாண்டி ரோட்டோரம் விளக்கு இல்லாமல் நின்ற லாரியில் அவன் வண்டி மோதியது யார் கையிலும் இல்லை. நீ வந்திருந்தாலும் அவன் எழுந்து உன்னோடு பேசியிருக்கப் போவதில்லை. எழுதிவிட்டேன், ஆனால் இதை எழுதுவதற்குள் நானே இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீ போன் செய்யும்போதெல்லாம் பிரசவத்துக்கு அம்மா வருவாளா, டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறாய், அவள் பதில் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிடுகிறாள். நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். விசா வந்த அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான், பேரப்பிள்ளைக்கென்று பழைய வேட்டியெல்லாம் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தவள்தான். நான் கேட்டதற்கு, "நான் எப்படிங்க வர்றது, அவன் வேலை பாதியில கெடக்கு, போட்டுட்டு எங்க போவேன்" என்றாள். வேலை என்று அவள் சொன்னது ஜோசப் மேசையில் பிரித்தபடி கிடந்த கேமராவை. மேசைக்கு அடியில் கூட்டுவாள், மேசையைச் சுற்றித் துடைப்பாள், மேசையை மட்டும் தொட மாட்டாள், என்னையும் தொட விட மாட்டாள்.

அந்தக் கேமராவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். செட்டிகுளத்தில் அருள்முருகன் என்று ஒருவர், சின்ன வெங்காயம் போடுகிறவர், அவருடைய பழைய பிலிம் கேமரா. தன் மகள் பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போன வரைக்கும் அதில்தான் படம் எடுத்தாராம், இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், கல்யாணத்திலும் அதே கேமராவில் ஒரு படமாவது எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஜோசப்பைத் தேடிக்கொண்டு வந்தார். உள்ளே கண்ணாடிக்கு மெத்தையாக வைத்த ரப்பர் பஞ்சு கரைந்து தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, மேலே போன கண்ணாடி இறங்கவில்லை, ஷட்டர் இறுகிவிட்டது, லென்ஸுக்குள் பூஞ்சை. ஜோசப்புக்கு இதெல்லாம் சர்க்கரைப் பொங்கல். உன் தம்பி வேலை செய்யும் விதம் உனக்குத் தெரியுமே, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்குரூவையும் அம்மாவின் பணியாரச் சட்டியில் போடுவான், முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருவான். இதனால் நம் வீட்டில் பணியாரம் என்பதே அபூர்வமாகிப் போய், "அம்மா, ஒரு கேமரா முடியட்டும், அப்புறம் சுடலாம்" என்பான், அது முடிவதற்குள் இன்னொன்று வந்து நிற்கும். மூடி முடித்ததும் பிலிம் இல்லாமலே அழுத்தி அழுத்திப் பார்ப்பான், சத்தம் கேட்கக் காதோரம் வைத்துக்கொண்டு, முதலில் ஷட்டர் மெதுவாக ஓடும் வேகம், அப்புறம் ஒவ்வொன்றாக. சாப்பாடு ஆறுகிறது என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். இது தினமும் நடக்கிற கூத்து.

அவனைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள், இருக்கிற பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டுத் தேய்த்தார்கள். உன் சுகன்யா மேரி சித்திதான் முன்னால் நின்று செய்தாள், பாவம், அழுதுகொண்டே தேய்த்திருக்கிறாள். மேசையில் இருந்த பணியாரச் சட்டியையும் எடுத்து, உள்ளே இருந்ததை ஒரு டம்ளரில் கொட்டிவிட்டு, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கி, கல்லின் மேல் கவிழ்த்துவிட்டாள். சாவு வீட்டில் ஒரு பாத்திரத்தைக் கழுவாமல் விட்டால் குற்றம் சொல்வார்கள், அவள் மேல் என்ன தப்பு இருக்கிறது. ஆனால் அம்மா அந்தக் கவிழ்ந்த சட்டியைப் பார்த்ததும் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, பெட்டியை மூடும்போதுகூட அவள் அப்படிக் கத்தவில்லை. "எம் புள்ள வரிசையா வச்சிருந்தத கொட்டிட்டியேடி" என்றாள். அன்றிலிருந்து கூடப்பிறந்தவளோடு பேச்சில்லை. முப்பதாம் நாள் பூசையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

போன மாதம் அருள்முருகன் பத்திரிகை வைக்க வந்தார், கையில் ஒரு பை வெங்காயம். கேமராவைப் பற்றி வாயே திறக்கவில்லை, மேசைப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நானாகத்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். "அதுக்கென்னங்க சார், புள்ளயே போயிடுச்சு, கேமரா கெடந்துட்டுப் போவுது, போன்ல எடுத்துக்குவோம்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் போன பிறகு அம்மா, "கல்யாணத்துக்குள்ள அத முடிச்சுக் கொடுத்துடணுங்க, ஆனா வெளிய எங்கயும் கொண்டுபோவக் கூடாது, நம்ம வூட்டுலயே முடிக்கணும்" என்றாள். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது, அந்த வேலை முடிந்தால் அவள் அந்த மேசையை விட்டு எழுந்து உன்னிடம் வருவாள் என்று. உனக்காகத்தான் நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன் அம்மாடி.

நான் ஆணி அடித்தால் காலண்டர் கோணலாகத் தொங்கும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம், தலைமை ஆசிரியர் என்பதால் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஜோசப்போடு சேர்ந்து கேமரா பார்க்கும் வேணுகோபால் திருச்சியில் இருக்கிறானே, அவன் போனில் முகம் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வெள்ளைத் துண்டை விரித்து, டம்ளரில் இருந்ததைக் கொட்டினேன், எல்லாம் கடுகு மாதிரி. முதலில் நீளத்தை வைத்துப் பிரிக்கச் சொன்னான். ஜோசப் துடைப்பதையெல்லாம் துடைத்து, பழைய பஞ்சைச் சுரண்டிப் புதுசு ஒட்டி, லென்ஸையும் சுத்தம் செய்து முடித்துத்தான் வைத்திருந்தான், மூடுவது மட்டும்தான் பாக்கி. அந்த மூடுகிற வேலைக்கே எனக்கு நாள் கணக்கில் ஆயிற்று. நீளமான ஒன்றைக் குட்டையான இடத்தில் முடுக்கிவிட்டேன், அது உள்ளே போய் எதையோ அழுத்தி, பிலிம் இழுக்கிற லீவர் அசையாமல் நின்றுவிட்டது. ஊரான் கேமராவைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு வியர்த்துப்போயிற்று. "சார், பயப்படாதீங்க, கடைசியா மாட்டுனத மட்டும் கழட்டுங்க" என்றான், கழற்றினேன், லீவர் வந்துவிட்டது. அன்றைக்கு நான் அழுதேன், எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

எல்லாம் கூடி வந்தபோது ஒரே ஒரு ஸ்குரூ குறைந்தது, அந்த லீவரின் மேல்மூடியைப் பிடிக்கிற பொடி ஸ்குரூ. அது இல்லாமல் இழுத்தால் லீவர் கையோடு வந்துவிடும். காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கட்டிலுக்கடியில், பீரோவுக்கடியில், கிணற்றடிச் சாக்கடையில் எல்லாம் இழுத்துப் பார்த்தேன். வேணுகோபால், "விடுங்க சார், வீணாப்போன கேமரா ஒண்ணு இருக்கு, அதுலேர்ந்து எடுத்து அனுப்புறேன்" என்றான். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து உள்ளே போனாள். செபமாலை வைக்கும் சின்ன டப்பாவோடு வந்து, அதை என் துண்டின் மேல் கவிழ்த்தாள், அந்த ஸ்குரூ விழுந்தது. வீடு கழுவியதற்கு ஒரு வாரம் கழித்துப் பாத்திரம் தேய்க்கும் நாரில் சிக்கியிருந்ததாம். எடுத்து வைத்துக்கொண்டாள். நான் தேடியதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை நான்சி. "இதப் போட்டுட்டா அவன் வேல முடிஞ்சுபோயிடும்லங்க" என்றாள், "முடிஞ்சுட்டா அப்புறம் அவனுக்கு இங்க என்ன இருக்கு" என்றாள். முடிக்கச் சொன்னவளும் அவள்தான், முடியாமல் வைத்திருந்தவளும் அவள்தான். "வேற ஒண்ணப் போட்டா அவன் கழட்டுனது ஆவாது, இதையே போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போட்டேன். ஒரே தடவையில் உட்கார்ந்துவிட்டது. வேணுகோபால், வேகத்தைக் குறைத்து வைத்து அழுத்திப் பாருங்கள் என்றான். லீவரை இழுத்து அழுத்தினேன், கிர்ர்ர் என்று மெதுவாக ஓடிக் கடைசியில் டக்கென்று விழுந்தது. ஜோசப் செய்கிற மாதிரியே காதோரம் வைத்துக்கொண்டு அடுத்த வேகம், அதற்கடுத்தது என்று அழுத்திக்கொண்டே போனேன், சந்தோஷத்தில் எனக்கு எதுவும் நினைவில்லை. அப்போது சமையலறையிலிருந்து அம்மா, "போதும்டா சோசப்பு, கொழம்பு ஆறுது, வந்து சாப்பிடு" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள், எப்போதும் சொல்கிற அந்த அலுப்போடு. நான் கேமராவைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போனில் வேணுகோபால் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது அம்மா இரண்டு தட்டு வைத்திருந்த இடத்தில் மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளைக்காக அன்றைக்குத்தான் அழுதாள், அதுவரைக்கும் எல்லோரையும் திட்டத்தான் செய்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், வேறு என்ன செய்வது, சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் அவளாகவே, "சுகன்யாள வரச் சொல்லுங்க" என்றாள். சித்தி வந்து வாசலிலேயே நின்றாள். அம்மா பணியாரச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு மாவுப் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் பேசாமலே சுட்டார்கள். நேற்று அருள்முருகன் வந்தார், கேமராவை அம்மாதான் மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தாள், அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று அழுத்திப் பார்க்கப் போனவரை அம்மா, "இங்க வேணாங்க, வூட்டுக்குப் போயிப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் போன பிறகு மேசையைத் துடைத்தாள். உன்னிடம் வருகிறேன் என்று வாயால் இன்னும் சொல்லவில்லை, நீயும் கேட்காதே. ஆனால் இன்று காலை பூசை முடிந்து வரும்போது, உங்கள் ஊரில் குளிர் எப்படி, பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டு கிடைக்குமா என்று சத்யாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். நீ டிக்கெட்டைப் போட்டுவிடு.

இரும்பு மாத்திரையை மறக்காதே, ஈரத் தரையில் பார்த்து நட. ஜோசப் பெயரில் அங்கே ஒரு பூசை வைக்கச் சொல். அடைக்கல மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் பிறக்கப் போகும் பிள்ளையையும் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உங்களுக்கு உண்டு.

மறக்காமல் ஒன்று செய். குழந்தை பிறந்ததும் ஆசையாய்ப் படம் எடுப்பீர்கள், எடுங்கள், நிறைய எடுங்கள். அதற்கு முன்னால் உன் போனிலும் மாப்பிள்ளை போனிலும் படம் எடுக்கும்போது வரும் அந்த டக் சத்தத்தை நிறுத்தி வைத்துவிடு. அம்மா அடுப்படியில் இருப்பாள், சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாள்.

உன் அப்பா
செல்வநாதன்