அளப்பவரிடம் பேசக் கூடாது

மார்ச் 4, செவ்வாய்

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்ல ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

இன்று மருத்துவமனையில் எங்கள் இயன்முறைச் சிகிச்சைத் துறைத் தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். அப்போதே அவருக்குப் 'பல்வரிசை' என்று பெயர் வைத்தவன் நான். என் கண்டுபிடிப்பு என்று இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான். என் ஆய்வேட்டில் பாதியைத் தன் பெயரில் அச்சேற்றியவர். நான் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

இப்போது நடப்பது பின்தொடைத் தசை பற்றிய ஆய்வு. பணிமனையிலிருந்து பஸ் ஓட்டுநர்கள் வருகிறார்கள். உட்கார்ந்தே ஓட்டி, தொடையின் பின்பக்கம் முறுக்கின கயிறு மாதிரி ஆனவர்கள். பாதிப் பேருக்கு மசாஜ். பாதிப் பேருக்குக் கூடத்தில் நீட்டல் பயிற்சி. ஆறு வார முடிவில் எது தசையை அதிகம் தளர்த்தியது என்று அளப்பது நான். யார் எந்தக் குழு என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என்னையறியாமல் கை ஒரு பக்கம் சாயும். ஆகவே என் அறைக் கதவில் ஒரு தாள்: 'அளப்பவரிடம் பேசக் கூடாது.'

நியாயமான விதிதான். நானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆட்கள் வருகிறார்கள், படுக்கிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள். இடுப்பை மடக்கி, முழங்காலை மெல்ல நீட்டி, இழுக்கிற இடத்தில் நிறுத்திக் கோணமானியை வைக்கிறேன். எழுந்து போகிறார்கள். மாலை வீட்டுக்கு வந்தாலும் அதே விதிதான். கதவில் தாள் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

மனைவி தொலைபேசினாள். மகளின் பிரசவத்துக்கு என்று போனவள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

"சாப்டீங்களா?"

"ம்."

"இன்னிக்கு யார் மேல கோவம்?"

"யார் மேலயும் இல்ல."

"அய்யோ, உடம்பு சரியில்லையா?"

பின்னால் பேரன் சிரித்தான். என்னை நினைத்தா, தொலைக்காட்சியைப் பார்த்தா, தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

என் தொடையும் இறுகித்தான் கிடக்கிறது. கட்டிலில் படுத்து, காலைத் தூக்கி, கோணமானியை வைத்துப் பார்த்தேன். காலைப் பிடித்தால் கருவி நழுவுகிறது. கருவியைப் பிடித்தால் கால் இறங்குகிறது. தலையைத் தூக்கிப் பார்த்தால் எல்லாமே மாறிவிடுகிறது. தன் காலைத் தானே அளக்க முடியாது. இன்னொரு ஆள் வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

கூட்டத்தில் பல்வரிசை அறிவித்துவிட்டார். ஆய்வில் மசாஜ் வென்றால் பயிற்சிக் கூடத்தைத் தடுத்து, கட்டணம் வாங்கும் மசாஜ் அறைகள். மாலை நேர இலவச நீட்டல் வகுப்புக்கு மூடுவிழா. மருத்துவமனை இயக்குநர் 28ஆம் தேதி முடிவு செய்வார். வரைபடம்கூடத் தயார். முடிவு வருவதற்கு முன்பே சுவருக்கு என்ன வண்ணம் என்று பேசுகிறார்கள்!

மார்ச் 13, வியாழன்

கடைசி அளவு. விதிப்படி எல்லோரையும் கடைசிச் சிகிச்சைக்கு மறுநாள் காலையில்தான் அளக்க வேண்டும். இன்று வந்தவர்களில் சிலரின் தொடை என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. தோல் சிவந்து, எண்ணெயைத் துடைத்த பிசுபிசுப்பு. அடுத்தவர் கால் சில்லென்று. அப்புறம் மறுபடியும் ஒரு சூடான கால்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. கால்களே சொல்லிவிட்டன. மசாஜ் மேசையிலிருந்து நேராக என் மேசைக்கு அனுப்புகிறார்கள். அப்போதுதான் நீவிவிட்ட தசை யாருக்குமே கொஞ்ச நேரம் இளகித்தான் இருக்கும். நீட்டல் செய்தவர்களோ நேற்றே முடித்துவிட்டு இன்று வருகிறார்கள். இது என்ன ஓட்டப் பந்தயம்? ஒருவனைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ஓடச் சொல்வதா?

மார்ச் 14, வெள்ளி

சூடான கால்காரர்களில் நான்கு பேரை, கையெழுத்து விட்டுப்போயிற்று என்று பொய் சொல்லி வரவழைத்து மறுபடி அளந்தேன். நேற்றைய அளவு இல்லை. இறங்கி, மற்றவர்களோடு சமமாக வந்து நிற்கிறது. நான்கு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். இருந்தாலும் பல்வரிசையின் அறைக்குப் போனேன்.

"அளக்கற நேரத்தை யார் மாத்தினது?"

"ஆள் பத்தல சார். சில பேருக்கு ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுட்டோம்."

"மசாஜ் ஆளுங்களுக்கு மட்டுமா?"

சிரித்தார். "யாரு மசாஜ்னு உங்களுக்குத் தெரியவே கூடாதே சார். எப்படித் தெரிஞ்சுது?"

கை சூட்டை உணர்ந்தது என்றேன்.

"அப்போ விதியை முதல்ல மீறினது நீங்கதான்னு ஆயிடும். உங்க நல்லதுக்குச் சொல்றேன். நீங்க அளந்தாப் போதும் சார்."

திரும்பிவிட்டேன். இரண்டு வருடம் இளையவன். என்னிடம் குறிப்புகள் வாங்கிப் படித்தவன்!

மார்ச் 17, திங்கள்

முடிவு வந்துவிட்டது. மசாஜ் வென்றதாம். இனிப்பு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், தின்னவில்லை.

மார்ச் 19, புதன்

என் வீடு பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில். எல்லோரும் இறங்கிய பின் நானும் எழுந்தேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு குரல்: "சார், இப்பப் பேசலாமா?"

ஆள் தெரியவில்லை. விழித்தேன்.

"நான் முப்பத்தொண்ணு சார். படுத்துக் காட்டினாத்தான் தெரியும்போல."

என் தாளில் முப்பத்தொன்று என்ற எண். பெரிய உடம்பு, நரைத்த மீசை.

"ஆறு வாரம் உங்க முன்னாடி வாயைத் தைச்சுக்கிட்டுக் கிடந்தேன். என் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், நம்பவே இல்ல. அப்புறம் சார், உங்க கை ஐஸ்கட்டி. அதையும் அன்னிக்குச் சொல்ல முடியல."

நீட்டல் குழுவாம் அவர். குனிந்து செருப்பு வாரைப் போட முடியாமல் இருந்தவர், இப்போது நின்றபடியே போடுகிறார். படியில் காலை வைத்துச் செய்தும் காட்டினார்.

"கூடத்தை மூடறாங்களாமே? மசாஜ்தான் சரின்னு பேச்சு. அதுக்கெல்லாம் என்னால கட்ட முடியாது சார். வீட்ல செய்யலாம்னா நாலு நாள் செய்வேன், அப்புறம் படுத்துருவேன். அங்கே நாலு பேர் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறான், நாமளும் நிக்கறோம். நெஜமாவே அது வேலைக்கு ஆகலையா?"

பார்க்கலாம் என்று முணுமுணுத்து இறங்கிவிட்டேன். என்ன பார்ப்பது? இந்த மாதத்தில் ஒருவர் என்னிடம் இவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்துப் பேசியது இன்றுதான். அவருக்கு ஒரு நேரான பதில் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

நாள் முழுவதும் எழுதினேன். இயக்குநருக்கும், பணிமனைக்கும், உலகத்துக்கும். பதினோரு பக்கம். ஆய்வேட்டில் தொடங்கி, நாற்காலி, பதவி உயர்வு, என்னைக் கூப்பிடாமல் நடத்திய வெள்ளிவிழா, எதையும் விடவில்லை. சூடான கால்கள் ஒன்பதாம் பக்கத்தில் வருகின்றன. கீழே பட்டங்களோடு என் முழுப் பெயர். படிக்கப் படிக்க எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மார்ச் 24, திங்கள்

கடைசி நிறுத்தத்தில் முப்பத்தொன்றிடம் கைபேசியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய அசையப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"யாரு சார் இவரு? உங்க சொந்தக்காரரா?"

"இல்ல. ஏன்?"

"இவ்வளவு கோவம் சொந்தக்காரங்க மேலதான் வரும்."

மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "சார், தப்பா நினைக்காதீங்க. என் காலுக்கு நான் என்ன செய்யணும்? அது இதுல எங்கே இருக்கு?"

உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டு, கைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கி இறங்கினேன்.

"கோவிச்சுக்காதீங்க சார்! எங்க அண்ணன் தம்பி கதையும் இதேதான்!" என்று பின்னாலிருந்து கத்தினார். டிக்கெட் கொடுப்பவர் சிரித்தார்.

மார்ச் 25, செவ்வாய்

அந்த பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தேன். தொடை இழுத்தது.

மார்ச் 26, புதன்

நாளை மறுநாள் இயக்குநர் முடிவு செய்கிறார்.

பதினோரு பக்கத்தையும் திறந்தேன். காலைப் பற்றி இல்லாததை எல்லாம் எடுத்துவிடுவோம் என்று தொடங்கினேன். ஆய்வேடு போயிற்று. வெட்டும்போது வலித்தது, பொய் சொல்லவில்லை. நாற்காலி போயிற்று. வெள்ளிவிழாவை இரண்டு முறை வெட்டித் திரும்ப ஒட்டினேன். அப்புறம் அதுவும் போயிற்று. மிஞ்சியது ஒரு பக்கம்கூட இல்லை.

நீவிவிட்டாலும், உருளை வைத்து உருட்டினாலும், நீட்டல் செய்தாலும் இறுகிய தொடை தளரும். நீவிய உடனே அளந்தால் அது முந்தி நிற்கும். மறுநாள் மறுபடி அளந்த நான்கு பேரிடம் அந்த முந்தல் இல்லை. நான்கு பேர் போதாது. இரு குழுவையும் ஒரே நேரத்தில் அளக்கவில்லை என்பதால் வந்திருக்கும் முடிவும் போதாது. மசாஜ் பிடித்தவர் மசாஜுக்குப் போகட்டும். கட்ட முடியாதவர் நீட்டட்டும், விடாமல், முடிந்தால் நாலு பேரோடு. அதற்கு அந்தக் கூடம் வேண்டும். மீண்டும் அளக்காமல் மூட வேண்டாம்.

கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். எழுத மாலை முழுக்க ஆயிற்று. அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்பது தெரிந்துபோயிற்று. ஆகவே அடுத்த முறை வேறொருவர் அளக்கட்டும்.

அந்த வேலையும் போனால் பகலில் எங்கே போய் உட்காருவேன்? தெரியவில்லை. வரியை அழிக்கவில்லை.

ஊழியர்களின் பொதுப் பக்கத்தில் பெயரில்லாமல் போட வழி உண்டு. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று அதில்தான் போடுவார்கள். இயக்குநர் தினமும் படிக்கிறார் என்று கேள்வி. ஓட்டுநர்கள் படிக்கப் பணிமனை அறிவிப்புப் பலகையிலும் போடலாம்.

இன்னும் கீழே என் பெயர் நிற்கிறது. ஒரு தாளின் அடியில் அது வர வேண்டும் என்றுதானே இத்தனை வருடச் சண்டை? ஆனால் பெயர் இருந்தால் மேலே உள்ளதை யாரும் படிக்க மாட்டார்கள். "ஓ, அவரா" என்று தாண்டிப் போய்விடுவார்கள். பெயர் இல்லாவிட்டாலும் பல்வரிசைக்கு முதல் வரியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும். அவர் சிரிப்பு ஒரு நிமிடம் நின்றால் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பட்டங்களை எடுத்தேன். பெயரையும் எடுத்துவிட்டேன்.

இப்படியே போடப் போகிறேன்.