சுழி போட்ட ஐந்து வாக்குகள்

கிளாக்கர்,

உமக்கு வாக்காளர் அட்டை வந்திருக்கிறது. நீர் செத்துப் பதினொரு மாதமாகியும் இடாப்பில் உம்முடைய பெயர் அசையவில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் நீர் இலேசில் இடம் விட்டுக் கொடுத்த ஆளில்லை. உங்கள் வீட்டுப் படலை பூட்டிக் கிடந்ததால் தபால்காரர் அதை என் கையில் தந்தார்.

"கிளாக்கர் ஐயா இந்த முறை ஆருக்குப் போடுவாராம்?" என்று கண்ணடித்தார்.

"ஆருக்குப் போட்டாலும் எனக்குப் போடமாட்டார்."

அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார். எனக்கு அந்த அட்டையில் உம்முடைய முழுப்பெயரைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது வழக்கம். அதை உம்முடைய செத்தவீட்டில் மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் விட்டது வசவு மட்டும்.

போன பிரதேச சபைத் தேர்தலில் நான் சல்லி வட்டாரத்தில் சுயேச்சையாக நின்ற கூத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. பத்திரிகையில் பகிடி எழுதுகிறவனுக்கு எதற்குத் தேர்தல் என்று என் மனைவியே கேட்டாள். கருவாடு காயப்போடும் பெண்கள் தண்ணீருக்கு அரை மைல் நடக்கிறார்கள், கரையில் ஒரு குழாய் போட்டுக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அது உண்மை. மேடையில் மாலை போட்டு நிற்க ஆசைப்பட்டதும் உண்மை. எங்கள் குழுவுக்குக் கிடைத்த சின்னம் மேசை விசிறி. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகிற ஊரில் அதைவிடப் பொருத்தமான சின்னம் கிடையாது.

நீர் என் வாக்கெண்ணும் முகவர். முப்பது வருஷம் திருகோணமலை நீதவான் கோட்டில் கிளாக்கராகக் குந்தியிருந்த மனுஷன். சட்டத்தரணிமாரே வாசலில் மறித்து உம்மிடம் சட்டப் பிரிவு கேட்பார்களாம். அதைச் சொன்னவரும் நீர்தான்.

தேர்தலுக்கு முதல் நாள் பின்னேரம், உங்கள் விறாந்தையில் கதிரையைப் போட்டு எனக்கு வகுப்பு எடுத்தீர்.

"திரும்ப எண்ணச் சொல்லிக் கேக்கிறதெண்டால் காரணம் வேணும் ஐசே. எந்தச் சீட்டு, என்ன பிழை எண்டு தொட்டுக் காட்டவேணும். எனக்குச் சந்தேகமாக் கிடக்கு எண்டது காரணமில்லை."

"தோத்துப்போனன் எண்டது?"

"அது காரணமில்லை, விதி. இன்னொண்டு, முடிவை வாசிக்கமுன்னம் கேக்கவேணும். வாசிச்சாப்பிறகு வாயைத் திறந்து பிரயோசனமில்லை. பிறகு கோட்டுக்குப் போய், சாட்சியும் சத்தியக் கடதாசியுமாய் அலையவேண்டியதுதான்."

அப்படிச் சொன்ன வாயை அடுத்த நாள் எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்?

நடந்ததை உமக்கே திருப்பிச் சொல்கிறேன், கேளும். எண்ணல் நடந்தது பள்ளிக்கூட மண்டபத்தில். நான் நாலு வாக்கால் பின்னுக்கு நின்றேன். கழிக்க வைத்த சீட்டுகளை அலுவலர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். அதில் ஐந்து சீட்டில் விசிறிக்கு நேரே பெருக்கல் குறி போல அழகான புள்ளடி. கூடவே மேல் மூலையில் பிள்ளையார் சுழி!

அந்தச் சுழிக்குக் காரணம் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். புள்ளடி போடும் விதத்தைக் காட்ட ஒரு மாதிரிச் சீட்டைக் கையால் வரைந்து, பிரதி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். வெறுங் கடதாசியைக் கண்டால் என் கை முதலில் சுழியைத்தான் போடும். மாதிரிச் சீட்டிலும் போட்டுவிட்டது. நம்பிக்கையான சனம், பார்த்து அப்படியே எழுதியிருக்கிறது. ஆனால் பிரதி எடுக்கமுன் அதை மூக்குக்கண்ணாடி மாட்டி இரண்டு தரம் பார்த்து "சரி" என்று சொன்னவர் யார், கிளாக்கர்? உம்முடைய கண்ணுக்கும் அது படவில்லை. சுழியை எவன் பார்க்கிறான்? அதற்குக் கீழே இருப்பதைத்தானே வாசிக்கிறோம்.

"வாக்காளர் ஆரெண்டு காட்டக்கூடிய குறி. அதால இந்த அஞ்சும் நிராகரிப்பு," என்றார் அலுவலர். "ஆட்சேபனை இருக்குதோ?"

இருந்தது. என்னைப் போன்ற மடையனுக்கே தெரிந்த ஆட்சேபனை. ஐயா, இந்த ஊரில் கடைக் கணக்குத் துண்டிலும் கலியாண அழைப்பிதழிலும் எல்லாரும் போடுகிற சுழி இது, இதை வைத்து ஆரையும் கண்டுபிடிக்க ஏலாது, புள்ளடி தெளிவாக இருக்கிறது, சேர்த்துத் திரும்ப எண்ணுங்கோ. இவ்வளவுதான். ஐந்தும் சேர்ந்தால் ஒரு வாக்கால் வெற்றி.

நீர் முன்னுக்குக் குனிந்து அந்தச் சீட்டுகளைப் பார்த்தீர். கடைசிச் சீட்டில் உம்முடைய கண் நின்றது. அதன் சுழிக்கு வால் நீளம். தூண்டில் முள்ளைப் போல மேலே வளைந்து, வளைவுக்குள் ஒரு புள்ளி. "இது ஆரோ படிச்ச மனுசன்ர கை," என்று நான் உம்முடைய காதுக்குள் பகிடி விட்டேன். நீர் சிரிக்கவில்லை. நான் எழும்ப, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இருத்தினீர்.

"இரும் ஐசே. காரணம் இல்லை."

"என்ன கதை கதைக்கிறீர்? நேற்று நீர்தானே..."

"காரணம் இல்லை எண்டு சொல்றன்."

சட்டம் தெரிந்தவர் சொல்கிறாரே என்று இருந்தேன். முடிவை வாசித்தார்கள். எதிர் ஆளுக்கு வெடி கொளுத்தினார்கள். வாசலில் வைத்து ஊர் பார்க்க உம்மைக் கேட்டேன், "என்னை அவையளுக்கு வித்துப்போட்டீரோ?" என்று. "சொல்ல ஏலாது," என்றீர். அந்த இரண்டு சொல்லோடு என் வீட்டுக்கும் உம்முடைய வீட்டுக்கும் நடுவில், வேலியில் நாங்கள் போய்வந்த கண்டாயத்தை அடைத்துக் கம்பி கட்டினேன்.

ஐந்து வருஷத்துக்கு மேல் கதை பேச்சு இல்லை. சும்மா இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். சோறு தின்னவும் பிரிவு கேட்கிற ஒரு கிளாக்கரைப் பற்றி வாராவாரம் பத்திரிகையில் எழுதினேன். சந்தையில் ஆட்கள் உம்மைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உம்முடைய செத்தவீட்டுக்கும் வந்து, பந்தலுக்கு வெளியில் நின்றுவிட்டுத்தான் போனேன்.

அட்டையைக் கொடுக்க அன்புவழிபுரத்துக்குப் போனேன். உம்முடைய மனைவி, எனக்கு அக்கா, இப்போது மகளோடு அங்கேதான் இருக்கிறார். அவர் தேத்தண்ணி தந்துவிட்டு ஒரு பிஸ்கற் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி பேப்பரில எழுதினதெல்லாம் இதுக்குள்ள கிடக்கு. அவர் ஒண்டும் விடாமல் வெட்டி வைச்சவர்."

எனக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. அதற்காக என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும். திறந்து பார்த்தால், ஒவ்வொரு கட்டுரையிலும் சிவப்பு மையால் பிழை திருத்தியிருக்கிறீர்! ஓரத்தில் குறிப்பு வேறு: "உண்மைக்குப் புறம்பானது." "ஆதாரம் இல்லை."

அதற்குப் பிறகுதான் மூலைகளைக் கண்டேன். திருத்தத் தொடங்கமுன் ஒவ்வொரு தாளிலும் சுழி போட்டிருந்தீர். வால் நீளம். தூண்டில் முள். உள்ளே புள்ளி.

முப்பது வருஷமாக உம்முடைய கையெழுத்தைப் பார்த்தவன், அந்தச் சுழியை அன்றைக்குத்தான் கண்டேன்.

"என்ன தம்பி, முகம் ஒருமாதிரிப் போச்சு?"

"ஒண்டுமில்லை அக்கா. சீனி கூடிப்போச்சு."

ஐந்தாவது சீட்டு உம்முடையது. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன கிளாக்கர், வாக்குச்சீட்டிலும் கை பழக்கத்தில் சுழி போட்டுவிட்டார். அதை மேசையில் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. இது ஆரையும் காட்டாது என்று எழும்பிச் சொல்ல உமக்கு வாய் வரவில்லை, அது உம்மையே காட்டிக்கொண்டிருந்ததால். அட படுபாவி! உம்முடையதை விட்டு மற்ற நாலுக்கும் கேட்டிருக்கலாமே. சரிசமமாக வந்து, திருவுளச் சீட்டாவது போட்டிருப்பார்கள். கரையில் குழாய் வந்திருக்கும். அந்தப் பெண்கள் இன்றைக்கும் வாளியோடு நடக்கிறார்கள், கிளாக்கர். உம்முடைய நேர்மைக்கு அவர்கள்தான் தண்ணீர் சுமக்கிறார்கள்.

அதையும் விடும். வாசலில் வைத்து "அதில ஒண்டு என்ர" என்று மெதுவாகச் சொல்லியிருந்தால் என்ன? நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன். அதற்குத்தான் பயந்தீர், தெரியும். என்னைத் துரோகத்தை நம்ப வைப்பது உமக்கு அதைவிட இலேசாக இருந்திருக்கிறது. இதை நான் மன்னிப்பதாக இல்லை. கம்பியையும் அவிழ்க்கப் போவதில்லை.

உம்முடைய பெயரை வெட்டச் சொல்லிக் கிராம சேவகரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். இன்று காலை வாக்குப் போடப் போனேன். மறைப்புக்குள் சீட்டை விரித்து, பேனையை எடுத்தேன். கை நேரே மேல் மூலைக்குப் போனது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, உள்ளுக்கு என்ன செய்யிறியள்? பின்னால சனம் நிக்குது," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"பொறுங்கோ பிள்ளை," என்றேன். "ஒராள் கையைப் பிடிச்சுக்கொண்டு விடுறார் இல்லை."