மேற்குச் சரிவில் கேட்ட பதில்

மார்ச் 3, திங்கள்

சனிக்கிழமை நூலக அரங்கில் விவாதம்: 'நெடியவன் உண்டா, இல்லையா?' உடம்பெல்லாம் மயிரோடு, இரண்டு காலில் நடக்கும் குரங்கு ஒன்று நம் காட்டில் திரிவதாகப் பாதி ஊர் நம்புகிறது. மீதி ஊர் சிரிக்கிறது. உண்டு என்று பேசப்போவது என் அண்ணன். இல்லை என்று பேசப்போவது வாத்தியார். செய்தி எழுத வேண்டியவள் நான். அண்ணன் சம்பந்தப்பட்டது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "வேற யாரு இருக்காங்கக்கா?" என்றார். சுற்றிப் பார்த்தேன். காலி மேசைகள். உண்மைதான்.

மார்ச் 4, செவ்வாய்

ஒலிப்பதிவை எனக்குக்கூடப் போட்டுக் காட்ட மாட்டேன் என்கிறான் அண்ணன். கால்தட அச்சு, முள்கம்பியில் சிக்கிய மயிர் எல்லாவற்றையும் வாத்தியார் ஏற்கெனவே கரடியின் கணக்கில் எழுதிவிட்டார். மிச்சம் இது ஒன்றுதான்: இவன் கட்டையால் மரத்தில் தட்ட, தூரத்திலிருந்து ஏதோ ஒன்று திருப்பித் தட்டும் ஓசை. இடம் எதுவென்று அவனோடு நெடியவனைத் தேடித் திரியும் கூட்டத்தாருக்கே தெரியாது. தெரிந்தால் எல்லோரும் போய்க் காட்டைக் கலைத்துவிடுவார்களாம். மேற்குச் சரிவு, அருவிக்கு மேலே, ஞாயிறு விடியல். அண்ணிக்கும் எனக்கும் மட்டும் சொல்லியிருக்கிறான். வழுக்கி விழுந்தால் தேடிவர ஆள் வேண்டுமே.

பஸ் ஓட்டிய காலத்தில், கடைசி நடையில், விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்தான். மறுநாள் தேநீர்க் கடையில் சொன்னபோது முதலில் சிரித்தது வாத்தியார்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே திரிந்த சிநேகிதன். "ரோட்டைப் பாத்து ஓட்டியிருந்தா நெடியவன் எதுக்குடா கண்ணுல படறான்?" கடை முழுக்கச் சிரித்தது. பேச்சு டிப்போவரை போனது. கண் பரிசோதனை, அப்புறம் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

இந்தப் பதிவும் பொய் என்று ஆகிவிட்டால் அண்ணன் காலையில் எதற்காக எழுந்திருப்பான் என்று தெரியவில்லை. அண்ணி வேறு சொல்கிறாள்: "வாரத்துல அந்த ஒருநாள்தான் மனுஷன் சிரிச்ச மூஞ்சியோட வீட்டுக்கு வர்றாரு. எழுதி கிழுதி அதையும் கெடுத்துடாதே."

மார்ச் 5, புதன்

வாத்தியாரைப் பேட்டி காணப் போனேன். கரடி முன்காலடியின் மேலேயே பின்காலை வைத்தால் தடம் எப்படி மனிதப் பாதம்போல நீளும் என்று படம் போட்டுக் காட்டினார். கிளம்பும்போது, "இதை எழுதக் கூடாது, யார்கிட்டயும் சொல்லவும் கூடாது. சம்மதம்னா சொல்றேன்" என்றார். பேனாவை மூடினேன். மூடிய பிறகு காதில் விழுவது எனக்குச் சொந்தமில்லை. இந்தத் தொழிலில் நான் மீறாத ஒன்று அதுதான்.

இரண்டு வருஷமாக ஞாயிறு விடியலில் கிழக்குச் சரிவுக்குப் போகிறாராம். பழைய வானிலைக் கொட்டகை பக்கத்தில் நின்று மரத்தில் தட்டிப் பார்க்கிறார் — பதில் எதுவும் வராது என்று நிரூபிக்க.

"வருதும்மா," என்றார். "எதிர்ச் சரிவுலேர்ந்து வருது. நான் மூணு தட்டினா அதுவும் மூணு."

ஆளாக இருக்குமோ என்றேன். அந்நேரத்தில் அங்கே யார், உன் அண்ணன் கூட்டம் வடக்கே ஓடைப் பக்கம் அல்லவா திரிகிறது என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் போய் இதை யார்கிட்டம்மா சொல்றது?"

நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் அவன். கடவுளே.

மார்ச் 6, வியாழன்

அவரிடம் சொன்னால் அண்ணனின் ரகசியம் போகும். அண்ணனிடம் சொன்னால் அவருக்குக் கொடுத்த வாக்கு போகும். இரண்டு பேரும் பார்த்துப் பார்த்து என்னையா நம்பித் தொலைக்க வேண்டும்?

மார்ச் 7, வெள்ளி

சொல்லவில்லை. தலைவலி.

மார்ச் 8, சனி

நிற்க இடமில்லை. அண்ணன் முதல்முறையாக ஊரறிய இடத்தையும் நேரத்தையும் சொன்னான். பிறகு பதிவைப் போட்டான். மூன்று தட்டல். காற்று. அப்புறம் வெகு தொலைவிலிருந்து மூன்று.

வாத்தியார் எழுந்தார். ஓசையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதுவும் பொய்யில்லை.

"திருப்பித் தட்டினது நான்தான்," என்றார்.

கொட்டகை, ஞாயிறு, எல்லாவற்றையும் சொன்னார். சிரிப்பு அண்ணன்மேல் போய் விழுந்தது. அது அடங்கியதும் முன்வரிசையிலிருந்து முடிதிருத்துபவர் கேட்டார்: "நீங்க எதுக்கு சார் அங்க தட்டப் போனீங்க?"

"பதில் வருதான்னு பாக்க."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"நம்பிட்டீங்களா?"

"கொஞ்சம்."

இப்போது சிரிப்பு அவர்மேல் திரும்பியது. அண்ணன் வயரைச் சுருட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினான். யாரையும் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் காட்டுக்குப் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். "ஓ, தொழில் தர்மமாக்கும்," என்றான்.

ஆசிரியர் வைத்த தலைப்பு: 'குரங்கைத் தேடிய இருவர் ஒருவரையொருவர் பிடித்தனர்.' நல்ல தலைப்பு. அதுதான் சங்கடம். கீழே நான்கு பத்தி எழுதினேன். தகவல் பிழை இல்லை.

மார்ச் 12, புதன்

பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டதும் ஒருவன் கம்பத்தில் மூன்று தட்டினான். வாத்தியார் வீட்டுக் கதவிலும் தட்டிவிட்டு ஓடுகிறார்களாம். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறான். "மலைமேல விழுந்துடுவாருன்னுதான் பயந்துகிட்டிருந்தேன்," என்கிறாள் அண்ணி. "இப்படிக் கட்டில்ல விழுவாருன்னு யாரு கண்டா."

மார்ச் 14, வெள்ளி

வாத்தியார் அலுவலகத்துக்குப் போன் செய்தார். வரும் ஞாயிறு அவர் காட்டுக்குப் போகப்போவதில்லை, அதை அண்ணனிடம் சொல்ல வேண்டுமாம். "அன்னிக்கும் பதில் வந்தா அது நான் இல்லன்னு நானே மேடையேறிச் சொல்றேன்." மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் வரவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அசையாமல் கிடந்தான். நான் வாசலைத் தாண்டும்போது கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"அவன் பேச்சை யாரு நம்புவா? ஒளிஞ்சு வந்து தட்டினாலும் தட்டுவான். என் பக்கத்துல, என் கண்ணு முன்னால வந்து உக்காரச் சொல்லு."

அப்படியே சொன்னேன். "அருவிப் பக்கம் அட்டை கடிக்குமான்னு கேளும்மா," என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

மதியத்துக்கு மேல் வந்தார்கள். இரண்டு பேருக்கும் முழங்கால்வரை சேறு. அண்ணி ஒன்றும் கேட்காமல் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பதில் வந்ததா என்று நான்தான் கேட்டேன்.

"ஒண்ணும் வரலை," என்றான் அண்ணன்.

கால் கழுவிக்கொண்டிருந்த வாத்தியார் நிமிர்ந்து அவனை முறைத்தார். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமையை வச்சு எப்படிடா முடிவு பண்றது?"