உன் அம்மாவின் ஜாக்கெட்

இன்று காலை படூர் வீட்டில் பொம்மை வகுப்புக்காக, துணியை இறுக வைக்கும் ஹார்டனர் டப்பாவைத் திறந்தேன். பசையும் புளித்த பாலும் கலந்தாற்போன்ற அந்த வாசனை வந்ததுமே உன் மேல் கோபம் வந்துவிட்டது. அழுகை வந்திருந்தாலும் பரவாயில்லை. நீ போய் இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

முதல் டப்பாவை நான் சென்னையிலிருந்து வாங்கி வந்தபோது நீ திருக்கழுக்குன்றம் சாலையில் தையல் கடை வைத்திருந்தாய். என் ஜாக்கெட்டெல்லாம் நீ தைத்ததுதான். என் கணவர் அணு ஆராய்ச்சி ஆபீசுக்குப் போனபின் குவார்ட்டர்ஸில் பொழுது போகாமல் நான் பொம்மை செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை அந்தத் திரவத்தில் முக்கிப் பிழிந்து கம்பிக் கூட்டின் மேல் சுற்றினால், காய்ந்ததும் மரம் மாதிரி இறுகிவிடும். ஆனால் எனக்கு மடிப்பே விழாது. என் பொம்மைகளைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"இன்னாக்கா இது, குளுர் ஜுரம் வந்தா மாரி கீது?" என்றாய். உடனே, "இதுல விஷம் கிஷம் இல்லியே? வூட்ல பசங்க கீறாங்க" என்று கேட்டாய். இல்லை என்று டப்பாவில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டிய பிறகுதான் உள்ளே கையை விட்டாய். அன்றிலிருந்து கம்பி வேலை என்னுடையது, துணி வேலை உன்னுடையது.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில், வரவேற்பறைக்கு நாற்று நடும் பெண் சிலை கேட்டார்கள். நீ கடைத் துணியைத் தொடவே இல்லை. செத்துப்போன உன் அம்மாவின் சேலையையும் ஜாக்கெட்டையும் எடுத்து வந்தாய். உங்கள் தெருவில் முதன்முதலாக ஜாக்கெட் போட்டுக்கொண்டு கூலி வேலைக்கு வயலில் இறங்கியவள் உன் அம்மா. அதற்காகப் பண்ணையாரின் ஆள் வரப்பிலேயே வைத்து அதைக் கிழித்தானாம். மறுநாள் அதையே தைத்துப் போட்டுக்கொண்டு அதே வயலில் போய் நின்றாளாம். இதைச் சொல்லிக்கொண்டே நீ துணியை முக்கினாய். நான் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

சிலையை வைத்த சில நாளில் அதைப் பார்க்கப் போனோம். ஜாக்கெட் இல்லை. பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். மேனேஜர் சிரித்த முகமாக வந்தான். "அந்தக் காலத்து கிராமம் மாதிரி இருக்கணும் மேடம். ஃபாரின் கெஸ்ட் அதைத்தான் விரும்பறாங்க" என்றான்.

நான் கத்தினேன். நீ கத்தவில்லை. "உன் வூட்டுப் பொம்பளைய இப்பிடி நிக்க வப்பியா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் கடைக்குப் போய் டப்பாவும் துணியும் கம்பி வலையுமாகத் திரும்பி வந்தாய். அத்தனை பேர் பார்க்க அந்தத் தரையில் உட்கார்ந்து, ஈரத் துணியை உன் அம்மாவுக்குப் போட்டுவிட்டாய். கைப்பட்டி, கழுத்து, கொக்கி வரிசை எல்லாவற்றையும் விரலாலேயே கிள்ளி எடுத்தாய். மேனேஜர் கெஞ்சினான், மிரட்டினான், வாட்ச்மேனைக் கூப்பிட்டான்.

"காயணும் சார். காயாம வுட்டுட்டுப் போனா மறுபடி அவுத்துருவ" என்றாய்.

கடற்காற்றில் அது லேசில் காயுமா? மேனேஜர் என்னிடம் வந்து, "நீங்களாவது சொல்லுங்க மேடம்" என்றான். நான் உன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பொழுது சாயும்போது நீ நகத்தால் தட்டிப் பார்த்தாய். "இந்த தபா உள்ள கம்பி வலை வச்சிக்கீறேன். அறுக்கட்டும், பாக்கலாம்" என்று எழுந்தாய்.

அப்படிப்பட்டவள் உன் மார்பில் கட்டி வந்ததை என்னிடம் மறைத்தாய். கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றியபோது கேட்டேன். "சுளுக்குக்கா" என்றாய். மடச்சி, நான் நம்பினேன். உண்மையைச் சொன்னபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

"முன்னயே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்க்கா. ஆம்பள டாக்டரு. ஜாக்கெட்ட அவுக்கச் சொன்னாரு. எந்திரிச்சு வந்துட்டேன்."

அடிப்பாவி, அவர் பண்ணையாரின் ஆளா? பிளேடு வைத்திருந்த மேனேஜரா? உன்னைக் காப்பாற்ற உட்கார்ந்திருந்த மனுஷன்! உன்னை அடிக்கலாம்போல வந்தது. படுக்கையில் நீ எலும்பும் தோலுமாகக் கிடந்ததால் அடிக்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றுவதை உனக்கு அவ்வளவு பெரிய அவமானமாக்கியவர்கள் யாரும் என் கைக்கு எட்டவில்லை. நீதான் எட்டினாய். அதனால் எல்லாக் கோபமும் உன் மேலேயே விழுந்தது, இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

இப்போது என் வகுப்பில் யாராவது சுளுக்கு என்று தோளைத் தடவினால் போதும், விடமாட்டேன். துருவித் துருவிக் கேட்பேன். லூசு என்று என் காதுபடவே சொல்கிறார்கள், சொல்லட்டும். போன மாதம் ஒருத்தி டாக்டர் அறை வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினாள். வழியை மறித்து நின்றேன். "நானும் உள்ளே வர்றேன். நீ கண்ணை மூடிக்கோ" என்று கூட்டிப்போனேன். அவள் ஜாக்கெட்டை நானே வாங்கி மடித்து, டாக்டர் பார்த்து முடிக்கிறவரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே போட்டுவிட்டு, கொக்கிகளையும் மாட்டிவிட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னோடும் வந்திருப்பேனே.